களிமண் சாலைக்கு பாக்டீரியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூரியாவும் பாக்டீரியாவும் சேர்த்து மண்ணைக் கல்லாக்கலாம் என்று எங்காவது ஒரு செய்தி வந்தால் போதும், அதே கேள்விகள் திரும்ப வந்துவிடும். கேட்பவர்களில் சிவில் மாணவர்கள் உண்டு, சாலை வேலை எடுப்பவர்கள் உண்டு, ‘இதெல்லாம் நிஜமா’ என்று ஓரக்கண்ணால் பார்ப்பவர்களும் உண்டு. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். எளிதானவை முதலில், போகப்போகச் சிக்கலானவை.

களிமண் மேல் ரோடு போட்டால் என்னதான் ஆகும்? கெட்டியாகத்தானே இருக்கிறது?

காய்ந்திருக்கும்போது கெட்டிதான். வெயிலில் கிடந்த களிமண் கட்டியைக் கையால் உடைக்க முடியாது. அதே கட்டி ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறினால் விரலால் பிசைந்துவிடலாம். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு மேலே இருக்கும் தார் ஈடுகொடுக்காது, வெடிக்கும். மாண்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் அதிகமுள்ள கரிசல் வகை மண்ணில் இந்த ஆட்டம் அதிகம். கயோலினைட் வகைக் களிமண்ணில் குறைவு.

சாலைக்காரர்கள் மண்ணின் பலத்தை சி.பி.ஆர். என்ற எண்ணால் சொல்வார்கள். 4 நாள் தண்ணீரில் ஊறவைத்த மண்ணில், சுமார் 5 செ.மீ. விட்டமுள்ள இரும்புத் தண்டை 2.5 மி.மீ. இறக்க எவ்வளவு சுமை தேவை என்று பார்ப்பதுதான் சோதனை. தரமான ஜல்லிக்கு 1,370 கிலோ என்று வைத்து, அதை 100 என்கிறார்கள். ஊறிய கரிசலுக்கு 2 வந்தால், வெறும் 27 கிலோவில் தண்டு இறங்கிவிட்டது என்று அர்த்தம். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று ஏறி நின்றால் போதும். சாலைக்கு அடியிலுள்ள இந்த மண்ணைத்தான் சப்கிரேடு என்கிறோம். அது சோடையாக இருந்தால் மேலே போடும் ஜல்லியின் கனத்தைக் கூட்ட வேண்டும். செலவு ஏறுவது அங்கேதான்.

பாக்டீரியா எப்படி மண்ணை ஒட்டும்? பசை மாதிரி ஏதாவது சுரக்குமா?

பசை இல்லை, கல். சில பாக்டீரியாக்களிடம் யூரியேஸ் என்ற நொதி ஏராளமாக இருக்கிறது. அது யூரியாவை உடைத்து அம்மோனியமும் கார்பனேட்டும் ஆக்கும். பக்கத்தில் கால்சியம் கரைந்திருந்தால், கார்பனேட் அதோடு சேர்ந்து கால்சைட் படிகமாகப் படியும். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள்தான்.

பாக்டீரியாவின் வெளிச்சுவர் எதிர்மின்னேற்றம் கொண்டது. அதனால் கால்சியம் அதன்மேல் போய் ஒட்டும், படிகமும் அங்கேயே வளரத் தொடங்கும். கடைசியில் பாக்டீரியா தான் உண்டாக்கிய கல்லுக்குள்ளேயே அடைபட்டுவிடும். மண்துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் இந்தப் படிகம் வளர்ந்தால் துகள்கள் பிணைந்து நிற்கும். வேறு எங்கேயாவது வளர்ந்தால் பெரிய பலன் இல்லை. இதைப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம்.

எந்த பாக்டீரியா? நோய் ஏதும் வந்துவிடாதே?

பெரும்பாலும் பயன்படுவது ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி. பழைய கட்டுரைகளில் பேசில்லஸ் பாஸ்டியூரி என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. மண்ணில் இயல்பாகவே வாழ்கிற இனம் இது. ஆய்வகப் பாதுகாப்பு வகைப்பாட்டில் மிகக் குறைந்த ஆபத்துள்ள பிரிவில் வைத்திருக்கிறார்கள். இந்த வேலையில் பயப்பட வேண்டியது பாக்டீரியாவுக்கு இல்லை, அம்மோனியாவுக்கு.

இது மணலுக்குத்தானே சரிப்படும்? களிமண்ணில் நடக்குமா?

சரியான கேள்வி. இந்த முறை பேர் வாங்கியது மணலில்தான். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 100 கன மீட்டர் மணலுக்குள் பாக்டீரியா நீரையும் யூரியா-கால்சியம் கரைசலையும் செலுத்திச் செய்த பெரிய சோதனை 2010-இல் வெளியானது. மணலில் துளைகள் பெரியவை. ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம் போய்ச் சேரும்.

களிமண் துகளே 2 மைக்ரானுக்குக் குறைவு (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பாக்டீரியாவின் நீளம் 1 முதல் 3 மைக்ரான். துகள்களுக்கு நடுவே இருக்கும் சந்துகள் பல இடங்களில் ஒரு மைக்ரான்கூட இருக்காது. மேலிருந்து ஊற்றினால் பாக்டீரியா முதல் அங்குலத்திலேயே வடிகட்டப்பட்டு நின்றுவிடும். அதோடு களிமண்ணில் தண்ணீர் நகர்வதே ஆமை வேகம். ஆகவே ஊற்றும் முறையைக் களிமண்ணில் மறந்துவிடுங்கள். மண்ணைக் கிளறி, பொடித்து, கரைசலோடு கலந்து, பிறகு இறுக்க வேண்டும். சாலை வேலைக்கு இது பெரிய தடை இல்லை. களிமண்ணைப் பலப்படுத்தச் சுண்ணாம்பு சேர்க்கும் வழக்கமான முறையிலும் சப்கிரேடைக் கிளறிக் கலந்துதான் ஆகிறது.

ஏற்கெனவே போட்ட ரோட்டின் ஓரத்தில் துளை போட்டு ஊற்றினால்?

மேலே சொன்ன காரணத்தாலேயே முடியாது. அடியில் மணற்பாங்கான அடுக்கு இருந்தால் யோசிக்கலாம்.

வெளியிலிருந்து பாக்டீரியா வாங்கியே ஆக வேண்டுமா? மண்ணிலேயே இருக்குமே!

இருக்கும். வயலில் போடும் யூரியா சில நாட்களிலேயே அம்மோனியமாக மாறுவது மண்ணிலிருக்கும் யூரியேஸ் பாக்டீரியாக்களால்தான். அவற்றுக்குத் தீனி போட்டுப் பெருக்குவது இன்னொரு வழி. மண்ணைக் கலக்கும்போது யூரியாவும் கொஞ்சம் சத்துநீரும் சேர்த்து, ஈரம் காயாமல் சில நாள் முதல் ஒன்றிரண்டு வாரம் வரை விட்டுவைத்து, அப்புறம் கால்சியம் சேர்ப்பார்கள்.

களிமண்ணுக்கு எனக்கு அதிகம் பிடித்த வழி இதுதான். அந்த மண்ணில் பிறந்து வளர்ந்த பாக்டீரியா ஏற்கெனவே எல்லா மூலைகளிலும் இருக்கிறது, உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும் தொல்லை இல்லை. ஆனால் எல்லா மண்ணும் ஒன்றுபோல் நடந்துகொள்ளாது. அமிலத்தன்மை அதிகமுள்ள மண்ணிலும் குளிர்காலத்திலும் வேகம் மிகவும் குறையும். பி.எச். 8-9, வெப்பம் 25 முதல் 35 டிகிரி செல்சியஸ் என்றால் நன்றாக நடக்கும்.

பாட்டிலில் விற்கும் ‘பயோ என்சைம்’ சாலைத் திரவமும் இதுவும் ஒன்றா?

இல்லை. அந்தத் திரவங்களில் யூரியாவும் கிடையாது, கால்சியமும் கிடையாது. கால்சைட் உண்டாக வழியே இல்லை. தண்ணீரில் மிகச் சிறிய அளவு கலந்து தெளித்து மண்ணை இறுக்குவதுதான் அவற்றின் முறை. அதன் நன்மை தீமையைத் தனியாகப் பேச வேண்டும். ஒன்றின் சோதனை முடிவைக் காட்டி மற்றொன்றை விற்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

பெயரில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பாக்டீரியாவே இல்லாமல் யூரியேஸ் நொதியை மட்டும் எடுத்துப் பயன்படுத்துவதும் உண்டு. அது நம் முறைக்கு நெருங்கிய சொந்தம். வாளவரையிலும் சோயா பீன்ஸிலும் யூரியேஸ் நிறைய இருக்கிறது. உலகில் முதன்முதலாகப் படிகமாக்கப்பட்ட நொதியே வாளவரையிலிருந்து எடுத்த யூரியேஸ்தான். 1926-இல் ஜேம்ஸ் சம்னர் அதைச் செய்தார், 1946-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நொதி மூலக்கூறு பாக்டீரியாவைவிடப் பல மடங்கு சிறியது. அதனால் களிமண்ணின் சந்துகளுக்குள் அதற்கு இடநெருக்கடி குறைவு. சோயா மாவை நீரில் கரைத்து வடிகட்டிய சாறே பல ஆய்வகங்களில் போதுமானதாக இருக்கிறது.

ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு யூரியா வேண்டும்? கணக்கு காட்டுங்களேன்.

காட்டுகிறேன். இந்தக் கணக்கைப் போடாமலேயே பலர் கனவு காண்கிறார்கள். 7 மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழம், 1 கி.மீ. நீளம் என்றால் 2,100 கன மீட்டர் மண். இறுக்கிய உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 1.7 டன் என்று வைத்தால் 3,570 டன். அதில் எடைக்கு 3 சதவீதம் கால்சைட் வேண்டுமென்றால் 107 டன்.

வேதியியல் இங்கே பேரம் பேசாது. 60 கிலோ யூரியாவும் 111 கிலோ நீரற்ற கால்சியம் குளோரைடும் முழுக்க வினைபுரிந்தால் 100 கிலோ கால்சைட் கிடைக்கும், கூடவே 107 கிலோ அம்மோனியம் குளோரைடும் வரும். ஆக, நம் சாலைக்கு 64 டன் யூரியா, 119 டன் கால்சியம் குளோரைடு. மிச்சமாக மண்ணில் தங்குவது 115 டன் அம்மோனியம் குளோரைடு. வேண்டிய பொருளைவிட வேண்டாத பொருள் அதிகம்!

அடுத்து தண்ணீர். இந்த மண்ணை நன்றாக இறுக்க 20 சதவீத ஈரம் தேவை என்றால், மொத்தம் 714 டன் தண்ணீருக்குத்தான் இடம். அதற்கு மேல் ஊற்றினால் சேறு. அந்தத் தண்ணீர் முழுவதும் 1 மோலார் கரைசலாக (லிட்டருக்கு 60 கிராம் யூரியா, 111 கிராம் கால்சியம் குளோரைடு) இருந்தாலும் கிடைப்பது 71 டன் கால்சைட், அதாவது 2 சதவீதம். அரை மோலார் என்றால் 1 சதவீதம். மண்ணில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் அதுவும் குறையும். செறிவை ஏற்றலாமே என்றால், கால்சியம் அதிகமானால் பாக்டீரியா மந்தமாகிவிடும். ஆகவே ஒரே முறை கலந்து இறுக்கினேன், 5 சதவீதம் கால்சைட் வந்தது என்று யாராவது சொன்னால், மண்ணில் முன்பே சுக்கான் (இயற்கையான சுண்ணாம்புக்கல் உருண்டைகள்) இருந்ததா என்று கேளுங்கள்.

உரக்கடை யூரியா போதுமா?

போதும். ஆனால் மூட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். யூரியேஸ் தடுப்பான் சேர்த்த யூரியாவும் சந்தையில் உண்டு. வயலில் நைட்ரஜன் வீணாகாமல் இருக்க அது நல்லது. நம் வேலைக்கு அதுவே எமன்.

சந்தேகம் இருந்தால் ஒரு குவளையில் யூரியாக் கரைசல் எடுத்து பாக்டீரியா நீரைச் சேர்த்து மின்கடத்துத்திறன் மானியை வையுங்கள். யூரியா மின்சாரத்தைக் கடத்தாது, அது உடைந்து வரும் அயனிகள் கடத்தும். எண் சில நிமிடங்களிலேயே சீராக ஏறினால் நொதி வேலை செய்கிறது. அசையாமல் நின்றால் மண்ணில் கலப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டீர்கள்.

எந்த வரிசையில் கலக்க வேண்டும்? ரோலர் எப்போது ஓட்டுவது?

முதலில் மண்ணைப் பொடிக்க வேண்டும். பெரிய கட்டிகளுக்குள் கரைசல் போகாது. கட்டியின் வெளித்தோல் மட்டும் கெட்டியாகி உள்ளே பழைய களிமண்ணாகவே இருக்கும். பொடித்த மண்ணில் பாக்டீரியா நீரைக் கலந்து சில மணி நேரம் விடுங்கள், பாக்டீரியா துகள்களில் ஒட்டிக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு யூரியாவும் கால்சியமும் சேர்ந்த கரைசல். பாக்டீரியா நீரையும் இந்தக் கரைசலையும் ஒரே தொட்டியில் முன்கூட்டியே கலந்தால் தொட்டியிலேயே வெள்ளையாகத் திரிந்துவிடும்.

கால்சியம் சேர்த்த பிறகு தாமதிக்கக் கூடாது. உடனே பரப்பி ரோலர் ஓட்டிவிட வேண்டும். சுண்ணாம்பு கலந்த களிமண்ணை ஒரு நாள் புளிக்கவிட்டு இறுக்கிப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். படிகங்கள் துகள்களைப் பிணைத்த பிறகு ரோலர் ஓட்டினால், உண்டான பிணைப்பை நாமே நொறுக்கியதாகும். இறுக்கியபின் ஈரம் ஆவியாகாமல் மூடி ஒரு வாரமாவது விட வேண்டும்.

அம்மோனியா நாற்றம் வருமாமே? நிலத்தடி நீருக்கு என்ன ஆகும்?

வரும். பி.எச். 9.25-இல் அம்மோனியத்தில் பாதி அம்மோனியா வாயுவாக மாறும் நிலையில் இருக்கும். கலக்கும் நாளில் கண் எரியும். திறந்த வெளியில் சமாளிக்கலாம், மூடிய கொட்டகையில் முடியாது.

நாற்றம் சில நாளில் போய்விடும், நிலத்தடி நீர்தான் நீண்ட தலைவலி. முன்பு கணக்கில் வந்த 115 டன் நினைவிருக்கட்டும். அம்மோனியத்தில் ஒரு பங்கைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்சம் மழைநீரோடு இறங்கும், வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கிணறுகள் அருகே, ஆழமில்லாத நீர்மட்டம் உள்ள இடத்தில் இதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். குளோரைடும் சும்மா இருக்காது, பக்கத்திலுள்ள சிறுபாலத்தின் கம்பிகளைத் துருவாக்கும்.

மணலில் என்றால் வேலை முடிந்ததும் தண்ணீர் விட்டு அலசி, கழிவைப் பிடித்துச் சுத்திகரிக்கலாம். கலந்து இறுக்கிய களிமண்ணை அலச முடியாது. நைட்ரேட்டை உண்டு நைட்ரஜன் வாயுவாக்கும் பாக்டீரியாக்கள் வழியாகவும் கால்சைட் படிய வைக்கலாம், அதில் அம்மோனியா வராது. ஆனால் மிக மெதுவானது.

பாக்டீரியா சேர்க்காத மாதிரியிலும் பலம் கூடியிருக்கிறதே! எங்கே தப்பு?

தப்பு எங்கேயும் இல்லை. நீங்கள் ஒழுங்காகச் சோதித்திருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். களிமண் துகள்களின் மேல் சோடியம் போன்ற அயனிகள் ஒட்டியிருக்கும். கால்சியம் குளோரைடைக் கலந்தாலே கால்சியம் அவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். துகள்கள் ஒன்றுகூடித் திரளும், வீக்கம் குறையும், மண் பொலபொலவென்று ஆகும். பாக்டீரியாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. யூரியா உடைந்து வரும் அம்மோனியமும் வீக்கத்தை ஓரளவு அடக்கும்.

மணலில் இந்தக் குழப்பம் கிடையாது. களிமண்ணில் இதைப் பிரித்துப் பார்க்காமல் வரும் முடிவுகளை நான் நம்புவதில்லை. தண்ணீர் மட்டும், கால்சியம் குளோரைடு மட்டும், யூரியாவும் கால்சியமும், கொன்ற பாக்டீரியாவுடன் எல்லாம், உயிருள்ள பாக்டீரியாவுடன் எல்லாம் என்று ஐந்து மாதிரிகளையாவது ஒரே அடர்த்தியில் ஒரே ஈரத்தில் செய்ய வேண்டும். கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பாக்டீரியாவின் உண்மையான சம்பாத்தியம்.

கார்பனேட் அளவு ஏறியிருக்கிறது, ஆனால் சி.பி.ஆர். ஏறவே இல்லை. ஏன்?

இரண்டாவது கேள்வியில் சொன்னேனே, படிகம் எங்கே வளர்கிறது என்பதுதான் முக்கியம் என்று. சுவர் கட்டும்போது கலவையைச் செங்கற்களுக்கு நடுவில் வைக்காமல் கற்களின் முகத்தில் அப்பினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். களிமண்ணில் துகள்களின் மேற்பரப்பு மணலைவிடப் பல மடங்கு அதிகம். 1 சதவீதம் கால்சைட் அத்தனை பரப்பிலும் சிதறிப்போனால் எதையும் பிணைக்காது. வேகமாக நடந்த வினையில் மாவு போன்ற நுண்படிகங்கள் வரும், அவை வெறும் நிரப்புப் பொருளாகவே நிற்கும்.

இன்னொரு காரணமும் பாருங்கள். பாக்டீரியா நீரும் கரைசலும் சேர்த்ததில் ஈரம் அளவுக்கு மேல் போய், உலர் அடர்த்தி குறைந்திருக்கலாம். படிகம் கொடுத்ததை ஈரம் பிடுங்கிக்கொண்டிருக்கும்.

சுண்ணாம்பைவிட இது பசுமையானது, மலிவானது என்கிறார்களே?

பாதி உண்மை. சுண்ணாம்பு தயாரிக்கச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட வேண்டும், எரிபொருளிலிருந்தும் கல்லிலிருந்தும் கரியமில வாயு வெளியேறும். பாக்டீரியா சாதாரண வெப்பத்தில் வேலை செய்கிறது. ஆனால் யூரியா வானத்திலிருந்து விழவில்லை. அது அம்மோனியாவிலிருந்து வருகிறது, அம்மோனியாவோ பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து. மேலே சொன்ன டன் கணக்கையும் சேர்த்துப் பார்க்காமல் பசுமைப் பட்டம் கொடுக்க முடியாது. பாக்டீரியா வளர்க்கும் ஈஸ்ட் சாறும் மலிவு இல்லை.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. சுண்ணாம்பு மண்ணின் பி.எச்.-ஐ 12.4 வரை ஏற்றுகிறது. அந்த நிலையில் களிமண்ணிலிருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, சுண்ணாம்போடு சேர்ந்து சிமெண்ட் மாதிரியான பொருளாகின்றன. களிமண்ணே மூலப்பொருள். கால்சைட் முறையில் களிமண் சும்மா வேடிக்கை பார்க்கிறது, ஒட்டும் பொருள் முழுவதையும் நாம்தான் கொண்டுவர வேண்டும். அதனால் வீங்கும் கொழுத்த களிமண்ணில் சுண்ணாம்பை இது ஜெயிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வண்டல் கலந்த, வீக்கம் குறைந்த களிமண்ணில்தான் இதற்கு நல்ல வாய்ப்பு. சல்பேட் அதிகமுள்ள மண்ணில் சுண்ணாம்பு போட்டால் எட்ரிங்கைட் என்ற படிகம் உண்டாகி மண் பொங்கிவிடும். அப்படிப்பட்ட இடங்களிலும் மாற்று தேடுவதில் நியாயம் இருக்கிறது.

மழையில் கரைந்துவிடாதா?

கால்சைட் தண்ணீரில் மிக மிகக் கொஞ்சம்தான் கரையும். சாதாரண மழை அதை அவ்வளவு சீக்கிரம் தின்றுவிடாது, அமில மண்ணும் அமிலக் கழிவும்தான் எதிரிகள். களிமண்ணில் அதைவிடப் பெரிய சோதனை நனைந்து காய்வது. ஒவ்வொரு முறை உப்பிச் சுருங்கும்போதும் பிணைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகும். மண்-சிமெண்டுக்கு 12 முறை நனைத்துக் காயவைக்கும் வழக்கமான சோதனை இருக்கிறது. அதையே இதற்கும் செய்யுங்கள். 7-ஆம் நாள் பலத்தை மட்டும் காட்டும் அறிக்கை சாலைக்குப் போதாது.

கல்லூரி புராஜெக்டுக்கு எங்கிருந்து தொடங்கலாம்?

மண்ணின் திரவ வரம்பு (எவ்வளவு ஈரத்தில் குழம்பாகிறது), பிளாஸ்டிக் குறியீடு (எவ்வளவு ஈர இடைவெளிக்குள் பிசைய வரும்), வீக்கக் குறியீடு, பி.எச்., இயல்பான கார்பனேட் அளவு ஆகியவற்றை முதலில் எடுத்துவிடுங்கள். பாக்டீரியா வளர்க்கும் வசதி இல்லையென்றால் சோயா சாறு போதும், அல்லது மண்ணிலிருக்கும் பாக்டீரியாவையே பெருக்குங்கள். மேலே சொன்ன ஐந்து மாதிரிகளும் கட்டாயம். சி.பி.ஆர்.-ஐ ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும், காய்ந்த களிமண் எல்லாமே பலசாலிதான்.

கார்பனேட்டை அளக்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து எடையிழப்பைப் பார்ப்பார்கள். அதற்கு முன் மண்ணை வடிநீரில் நன்றாக அலசுங்கள். அம்மோனியம் குளோரைடும் மிச்ச உப்புகளும் அமிலத்தில் சேர்ந்து கரைந்து, இல்லாத கால்சைட்டைக் கணக்கில் காட்டிவிடும். மாதிரிகளை 105 டிகிரியில் உலர்த்தும்போது அம்மோனியா நெடி கிளம்பும். அடுப்பை ஜன்னலோரமாக வையுங்கள், மற்றவர்களின் மாதிரிகளோடு சேர்த்து வைக்காதீர்கள்.